2015-க்கு முன்னால் ஜாவாஸ்கிரிப்டில் பல வரி ஸ்ட்ரிங் இல்லை என்று பாடம் எடுப்பது யார்?

நொய்யல்கரை — சனி, இரவு 9:12

இன்று காலை தங்கை மகனைக் கோவையில் ஒரு பயிற்சி வகுப்பில் விடப் போயிருந்தேன். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பாடத்தைக் கேட்டேன். பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: "2015-க்கு முன்னால் ஜாவாஸ்கிரிப்டில் பல வரி ஸ்ட்ரிங் எழுத வழியே கிடையாது. பேக்டிக் வந்த பிறகுதான் முடிந்தது." (ஜாவாஸ்கிரிப்ட் என்பது பிரவுசரில் ஓடும் மொழி. ஸ்ட்ரிங் என்றால் புரோகிராமில், அதாவது கோடில், மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துத் தொடர். பேக்டிக் என்பது ` என்ற சாய்ந்த மேற்கோள் குறி.) முப்பது பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். திருப்பூர் வந்து சேரும் வரை எனக்கு மனசு ஆறவில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் விதிநூலான எக்மாஸ்கிரிப்டின் 5-ஆம் பதிப்பு 2009 டிசம்பரில் வந்தது. வரியின் கடைசியில் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட்டு ஸ்ட்ரிங்கை அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்று அதிலேயே இருக்கிறது. அதற்கு முன்னாலேயே பிரவுசர்கள் இதை ஏற்றுக்கொண்டன. இப்படி:

செய்தி = 'மஞ்சள் ஏலம் \
காலை 10 மணி \
பெருந்துறை';

மூன்று வரி. கண்ணால் எண்ணிப் பாருங்கள். 2010-லிருந்து ஒரு பனியன் கம்பெனிக்குப் பேக்கிங் லிஸ்ட் பக்கங்களை நான் இப்படித்தான் எழுதினேன். வழியே கிடையாது என்றால் நான் எழுதியது என்ன?

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 9:31

அண்ணா, அந்த வகுப்பு எடுப்பவன் என் ரூம்மேட். வாசலில் நின்று கேட்டுவிட்டு இங்கே வந்து பஞ்சாயத்து வைப்பதற்கு அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நீங்கள் காட்டிய அந்தப் பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். சிண்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறையே தப்பு என்று நின்றுவிடும். அந்த ஒரு வரி மட்டும் இல்லை, முழு ஃபைலும் ஓடாது. ஸ்பேஸ் கண்ணுக்கும் தெரியாது. இதனால்தான் கூகுளின் ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துமுறைக் கையேடு இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. கோடில் தப்புத் தேடும் ஈஎஸ்லின்ட் கருவியில் இதைப் பிடிப்பதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தராமல் விட்டது நல்ல காரியம்.

நொய்யல்கரை — சனி, இரவு 9:38

ஸ்பேஸ் தட்டினால் உடையும். அதனால் தட்டக் கூடாது. இதில் என்ன கஷ்டம்? வெறும் கையால் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதற்காக ஊரில் கரண்டே இல்லை என்று பாடம் எடுப்பீர்களா தம்பி?

நாலு வருஷம் எழுதினேன். என் ஃபைலில் ஒரு நாளும் அந்த ஸ்பேஸ் வந்ததில்லை.

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 9:44

உங்கள் ஃபைலில் வரவில்லை, சரி. மெயிலில் இருந்தும் வேர்டில் இருந்தும் காப்பி எடுத்து ஒட்டுகிறவர்கள் ஃபைலில் வரும். ஸ்பேஸ் வந்தால் உடையும் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று.

இன்னொன்று. 1999-இல் வந்த மூன்றாம் பதிப்பை எடுத்துப் பாருங்கள். பேக்ஸ்லாஷ் போட்டாலும் கூட ஸ்ட்ரிங்குக்குள் வரி உடைவு வரக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. அதாவது 2009 வரைக்கும் நீங்கள் சொல்லும் வழி விதிக்கே புறம்பு.

நொய்யல்கரை — சனி, இரவு 9:52

2009 வரைக்கும் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. பலகையில் இருந்தது 2015. நடுவில் ஆறு வருஷம் எங்கே போனது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பவானித் தறி — சனி, இரவு 10:03

இரண்டு பேரும் எதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறீர்கள் என்றே புரியவில்லை. சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் சாதாரண ஒற்றை மேற்கோளுக்குள்ளேயே எண்டர் தட்டிக்கொண்டு போகலாம். பெரிய பத்தி வேண்டுமென்றால் <<< போட்டு, ஒரு குறிச்சொல்லில் தொடங்கி அதே குறிச்சொல்லில் முடிக்கும் ஹியர்டாக். இருபது வருஷமாக இதில்தான் சோலி பார்க்கிறேன். பேக்ஸ்லாஷும் வேண்டாம், பேக்டிக்கும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் பிறந்தது 1995. ஒரு எண்டரை ஏற்றுக்கொள்ள 2015 வரை இருபது வருஷம் பிடித்திருக்கிறது அந்த மொழிக்கு.

நொய்யல்கரை — சனி, இரவு 10:07

2015 இல்லைங்க, 2009. மேலே படித்துவிட்டு வாருங்கள்.

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 10:10

தறிக்கார அண்ணா, ஹியர்டாக்கை முடிக்கும் குறிச்சொல்லுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டுப் பெருமை பேசுங்கள். பிஎச்பி 7.3 வரும் வரை, அதாவது 2018 டிசம்பர் வரை, அந்தக் குறிச்சொல் வரியின் முதல் கட்டத்திலேயே இருந்தாக வேண்டும். கொஞ்சம் உள்ளே தள்ளினாலும் எரர்தான்.

நொய்யல்கரை — சனி, இரவு 10:14

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஹியர்டாக்கிலும் ஸ்பேஸ் வந்தால் உடைந்தது. அதற்காக 2018 வரை பிஎச்பியில் பல வரி ஸ்ட்ரிங்கே இல்லை என்று யாராவது பலகையில் எழுதினார்களா? அங்கே ஸ்பேஸை மன்னிப்பீர்கள், இங்கே மன்னிக்க மாட்டீர்கள். தம்பி, தராசு ஒன்றாக இருக்க வேண்டும்.

பவானித் தறி — சனி, இரவு 10:16

என் ஹியர்டாக்கை உங்கள் சண்டைக்குச் சாட்சி சொல்ல இழுக்காதீர்கள். நான் என்றைக்கும் குறிச்சொல்லை முதல் கட்டத்தில்தான் வைத்தேன்.

கரூர்க்காரி — சனி, இரவு 10:29

ஒரு நிமிஷம். நீங்கள் பேசுவது இரண்டு வேறு விஷயம். ஒன்று, கோடில் ஸ்ட்ரிங்கைப் பல வரியில் பரத்தி எழுதுவது. இன்னொன்று, அந்த ஸ்ட்ரிங்குக்குள்ளேயே வரி உடைவு இருப்பது. நொய்யல்கரை அண்ணன் காட்டியதை ஓடவிட்டால் வெளியே வருவது "மஞ்சள் ஏலம் காலை 10 மணி பெருந்துறை" என்ற ஒரே வரிதான். பேக்ஸ்லாஷும் அதன் பின்னால் வரும் எண்டரும் சேர்ந்து ஒன்றுமே இல்லாமல் போய்விடும், ஐந்தாம் பதிப்பின் விதியே அதுதான். பேக்டிக்கில் எண்டர் தட்டினால் அந்த எண்டர் மதிப்புக்குள் நிற்கும். எதைப் பல வரி ஸ்ட்ரிங் என்கிறோம் என்று முதலில் பேசி முடித்துக்கொண்டால் 2009-ஆ 2015-ஆ என்பது தானாகத் தீரும்.

நொய்யல்கரை — சனி, இரவு 10:33

வெளியே உடைவு வேண்டுமென்றால் பேக்ஸ்லாஷ்-என் (\n) என்று ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்கிறதே அம்மணி. அதை எழுதி, பின்னாலேயே இன்னொரு பேக்ஸ்லாஷ் போட்டு, எண்டர் தட்ட வேண்டியதுதான். நான் அப்படியும் எழுதியிருக்கிறேன். அதனால் என் பேச்சில் மாற்றம் இல்லை.

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 10:35

அந்த இரண்டாவது பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஸ்பேஸ் வந்தால்?

நொய்யல்கரை — சனி, இரவு 10:36

வராது.

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 10:36

வந்தால்?

ஈரோட்டு வாய்க்கால் — சனி, இரவு 10:58

ஸ்பேஸ் ஸ்பேஸ் என்கிறீர்கள், நான் பட்டதைச் சொல்கிறேன். பேக்டிக் ஒன்றும் சாமி கொடுத்த வரம் இல்லை.

போன வருஷம் ஒரு மஞ்சள் மண்டிக்கு, விவசாயிகளுக்கு ஏல விலையைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை செய்தேன். நாலு வரிச் செய்தி. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 இடம்தான். இங்கிலீஷுக்கு 160. அதிலும் தமிழில் "கி" என்பது இரண்டு இடம் பிடிக்கும், "க" ஒன்று, கொக்கி ஒன்று. எண்ணி எண்ணி 60 இடத்துக்குள் செய்தியை அடக்கினேன். பேக்டிக் போட்டு அழகாக உள்ளே தள்ளி எழுதினேன். எடிட்டரில் பார்க்க லட்சணமாக இருந்தது.

மாசக் கடைசியில் கணக்கு பார்த்தால் எஸ்எம்எஸ் எண்ணிக்கை இரண்டு மடங்கு. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. இரண்டாம் வரியிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கோடை உள்ளே தள்ளிய 8 ஸ்பேஸும் செய்தியோடு சேர்ந்தே போயிருக்கிறது. மூன்று வரிக்கு 24. அறுபதும் இருபத்து நாலும் எண்பத்து நாலு. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கணக்கு. மண்டிக்காரர் என்னை ஒன்றும் திட்டவில்லை, ஆனால் அடுத்த மாசம் என் பில்லில் அதைக் கழித்துக்கொண்டார்.

நொய்யல்கரை — சனி, இரவு 11:02

எல்லோரும் இதைப் படியுங்கள். பேக்டிக்கிலும் ஸ்பேஸ் காலை வாருகிறது. அதுவும் சத்தமே போடாமல். என் பேக்ஸ்லாஷ் தப்பென்றால் அந்த இடத்திலேயே நின்று கத்தும். பேக்டிக் மாசக் கடைசி வரை வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கரைக்கும். எது மேல் தம்பி?

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 11:09

அண்ணா, பேக்ஸ்லாஷிலும் அடுத்த வரியின் முன்னால் இருக்கும் ஸ்பேஸ் எல்லாம் ஸ்ட்ரிங்குக்குள் வரும். நீங்கள் காட்டிய உதாரணத்தில் வரியை இடது ஓரத்திலேயே வைத்தீர்கள், அதனால் தெரியவில்லை. உள்ளே தள்ளி எழுதிப் பாருங்கள், வார்த்தைக்கு நடுவே எட்டு ஸ்பேஸ் வந்து உட்காரும். ஆக பேக்ஸ்லாஷ் போட்டால் வரிக்கு முன்னாலும் ஸ்பேஸ் தொல்லை, வரிக்குப் பின்னாலும் ஸ்பேஸ் தொல்லை. பேக்டிக்கில் ஸ்பேஸ் வந்தாலும் ஃபைல் உடையவாவது உடையாது.

நொய்யல்கரை — சனி, இரவு 11:11

முன்னால் வரும் ஸ்பேஸைப் பற்றி இப்போது யாரும் கேட்கவில்லை. பேச்சு பின்னால் வரும் ஸ்பேஸைப் பற்றி. அது வந்தால் கத்தும். கத்துவது நல்லது.

ஈரோட்டு வாய்க்கால் — சனி, இரவு 11:15

நான் கேட்டேனே. எனக்கு முன்னால் வரும் ஸ்பேஸில்தான் பணம் போனது.

கரூர்க்காரி — சனி, இரவு 11:21

வாய்க்கால், வரிகளை ஒரு அரேயில், அதாவது பட்டியலில், தனித்தனியாக வைத்து, ஜாயின் செய்து ஒட்டும்போது பேக்ஸ்லாஷ்-என் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு உள்ளே தள்ளினாலும் செய்திக்குள் ஒரு ஸ்பேஸ் கூட வராது. ஜாவா என்ற வேறொரு மொழியில் 2020-இல் வந்த 15-ஆம் பதிப்பின் டெக்ஸ்ட் பிளாக் (அங்கே பல வரி ஸ்ட்ரிங்) இந்தப் பொதுவான தள்ளலைத் தானே வெட்டிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படி ஒன்று கொண்டுவர முன்மொழிவு இருக்கிறது, ஆனால் அதை நம்பி இன்றைக்கு எழுத முடியாது.

ஈரோட்டு வாய்க்கால் — சனி, இரவு 11:26

ஜாயின் நல்ல யோசனைங்க அக்கா. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.

நொய்யல்கரை — சனி, இரவு 11:30

அரே ஜாயினும் 2015-க்கு முன்னால் இருந்ததுதான். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7 காலத்தில் லூப்புக்குள் + போட்டுக் கூட்டிக்கொண்டே போனால் பக்கம் ஆமை மாதிரி ஊரும். அதனால் நாங்கள் எல்லாம் அரேயில் தள்ளி ஜாயின் செய்தோம். ஃபங்ஷனுக்குள் கமென்ட்டாக, அதாவது மொழி ஓட்டாமல் தாண்டிப் போகும் குறிப்பாக, பத்தியை எழுதி, அந்த ஃபங்ஷனையே எழுத்தாக மாற்றி, நடுவில் இருக்கும் கமென்ட்டை உருவி எடுத்தவர்களும் உண்டு. ஆக பேக்ஸ்லாஷ், +, ஜாயின், கமென்ட் என்று நாலு வழி. பலகையில் எழுதியது "வழியே கிடையாது".

பீளமேட்டுப் பையன் — சனி, இரவு 11:36

கமென்ட் வழியை, கோடைச் சுருக்கும் மினிஃபையரில் கொடுத்துப் பாருங்கள். கமென்ட்டைத் தூக்கிவிடும், பத்தியும் போய்விடும். + போடுவதும் ஜாயினும் பல ஸ்ட்ரிங்கை ஒட்டுவது. ஒட்டுப்போட்ட துணியை முழுத் துணி என்று விற்க முடியாது அண்ணா.

நொய்யல்கரை — சனி, இரவு 11:41

துணியைப் பற்றித் திருப்பூர்க்காரனிடமே பேசுகிறீர்களா? பனியன் என்றாலே வெட்டி, ஓவர்லாக் அடித்து, ஒட்டிச் சேர்த்ததுதான். உலகம் முழுக்க அதை ஒரே பனியன் என்றுதான் வாங்கிப் போட்டுக்கொள்கிறது.

பவானித் தறி — சனி, இரவு 11:44

பனியன் ஒட்டுத்தான், உண்மை. ஜமக்காளம் ஒரே நெசவு. பாவும் ஊடையும் ஓடினால் அதில் ஒட்டே கிடையாது.

நொய்யல்கரை — சனி, இரவு 11:46

இழை அறுந்தால் முடிச்சுப் போடுவீர்களா மாட்டீர்களா?

பவானித் தறி — சனி, இரவு 11:47

முடிச்சு வேறு, ஒட்டு வேறு. தறியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

பொள்ளாச்சிச் சந்தை — ஞாயிறு, காலை 7:05

காலை வணக்கம். ராத்திரி எல்லோரும் பேக்டிக்கைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். ஒரு சேதி சொல்கிறேன். தேங்காய் மண்டிக்கு ஒரு பில் போடும் பக்கம் எழுதினேன், தெர்மல் பிரிண்டர், 58 மில்லிமீட்டர் பேப்பர், வரிக்கு 32 எழுத்து. பில்லில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வருகிறது. காரணம் பேக்டிக்தான். விண்டோஸில் ஃபைலைச் சேமித்தால் ஒவ்வொரு எண்டருக்கும் சிஆர், எல்எஃப் என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரி முடிவு எழுத்து. அது அப்படியே ஸ்ட்ரிங்குக்குள் போய் பிரிண்டர் இரண்டு தடவை இறங்குகிறது.

பீளமேட்டுப் பையன் — ஞாயிறு, காலை 7:40

இல்லைங்க. பேக்டிக்குக்குள் இருக்கும் சிஆர்-எல்எஃப்பை மொழியே வெறும் எல்எஃப்பாக மாற்றிக்கொள்ளும். விதியில் இருக்கிறது. ஃபைல் விண்டோஸில் இருந்தாலும் லினக்ஸில் இருந்தாலும் மதிப்பு ஒன்றுதான். உங்களுக்குச் சிஆர் வேறு எங்கிருந்தோ வருகிறது. பக்கத்தில் குறிப்பு எழுத டெக்ஸ்ட்ஏரியா என்ற பெட்டி வைத்திருக்கிறீர்களா? அதை ஃபார்ம் வழியாக சர்வருக்கு அனுப்பினால் வரி உடைவுகள் சிஆர்-எல்எஃப்பாக மாறித்தான் போகும்.

பொள்ளாச்சிச் சந்தை — ஞாயிறு, காலை 7:52

டெக்ஸ்ட்ஏரியா இருக்கிறது. ஆனால் காரணம் அது இல்லை. பேக்டிக்தான்.

பீளமேட்டுப் பையன் — ஞாயிறு, காலை 7:55

அந்த ஸ்ட்ரிங்கின் லெங்த்தை (எத்தனை எழுத்து என்பதை) எடுத்து எண்ணிப் பார்த்தீர்களா?

பொள்ளாச்சிச் சந்தை — ஞாயிறு, காலை 8:01

எண்ண வேண்டிய அவசியம் இல்லை. பில்லைக் கண்ணால் பார்த்தேன்.

நொய்யல்கரை — ஞாயிறு, காலை 8:20

பேக்டிக்கைப் பற்றி இன்னொன்று. அது 2015 ஜூனில் விதிக்குள் வந்தது, சரி. ஆனால் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-தான் ஓடியது. அதில் பேக்டிக் போட்டால் என்ன ஆகும்? சிண்டாக்ஸ் எரர். முழு ஃபைலும் ஓடாது. ஸ்பேஸ் கூடத் தேவையில்லை, எழுதினாலே உடைந்தது. அந்தப் பிரவுசருக்கு மைக்ரோசாஃப்ட் முடிவு கட்டியது 2022 ஜூனில். அது வரை பேபல் என்ற கருவி வைத்து பேக்டிக்கைப் பழைய ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் அனுப்பினேன். ஸ்பேஸால் உடைந்தால் வழி இல்லை என்கிற தம்பி, பிரவுசரால் உடைந்ததை எந்தக் கணக்கில் வைப்பார்?

பீளமேட்டுப் பையன் — ஞாயிறு, காலை 8:33

பழைய பிரவுசர் எதைப் போட்டாலும்தான் உடையும். விதிக்குள் இருக்கிற ஒன்று, இன்றைக்குப் புதுப் பிரவுசரில், ஒரு ஸ்பேஸுக்கு உடைகிறது என்பதுதான் என் பேச்சு. இப்போதே உங்கள் குரோமில் தட்டிப் பாருங்கள்.

பொங்கல் சமயத்தில் செமிகோலன் சண்டையிலும் இப்படித்தான் செய்தீர்கள். மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் என்ற சொல்லை எழுதி எண்டர் தட்டினால் அந்த இடத்திலேயே மொழி செமிகோலன் போட்டுக்கொள்ளும், மதிப்பு திரும்பி வராது என்று நான் காட்டினேன். "நான் அப்படி எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களுக்கு நடக்காதது எதுவும் உலகத்தில் நடக்காது.

நொய்யல்கரை — ஞாயிறு, காலை 8:41

செமிகோலன் விஷயத்தில் நான் தோற்றுப் போகவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தார்கள், அதனால் எழுந்து போனேன். அந்தச் சண்டையை இங்கே இழுத்தது நீங்கள், இருக்கட்டும். நான் இப்போதும் சொல்கிறேன், ரிட்டர்னுக்குப் பின்னால் எண்டர் தட்டுகிறவன் தப்பு, மொழி தப்பில்லை. பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஸ்பேஸ் தட்டுகிறவன் தப்பு, பேக்ஸ்லாஷ் தப்பில்லை.

இந்தப் பதினாறு வருஷத்தில் எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பவர் கட்டில் யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்க, பிரவுசர் ஒவ்வொன்றிலும் திறந்து பார்த்துப் பார்த்துக் கற்றது. அதை ஒரு பையன் பலகையில் ஒரே வரியில் இல்லை என்று எழுதினால் எனக்கு வலிக்கும். முப்பது பிள்ளைகளும் நாளைக்கு ஒரு பழைய கம்பெனிக் கோடைத் திறப்பார்கள். வரிக் கடைசியில் பேக்ஸ்லாஷைப் பார்ப்பார்கள். இது என்ன குப்பை என்று அழிப்பார்கள். அழித்தால் உடையும்.

கரூர்க்காரி — ஞாயிறு, காலை 9:02

இதில் எனக்கு மறுப்பே இல்லை அண்ணா. பழைய கோடைப் படிக்கவாவது சொல்லித்தர வேண்டும். ஆனால் நேற்று நான் கேட்டதற்கு இரண்டு பேருமே இன்னும் பதில் சொல்லவில்லை. எதைப் பல வரி என்கிறீர்கள்?

பீளமேட்டுப் பையன் — ஞாயிறு, காலை 9:10

ஸ்பேஸ் வந்தாலும் உடையாமல் நிற்பதை.

நொய்யல்கரை — ஞாயிறு, காலை 9:12

மூன்று வரியில் எழுதினால் மூன்று வரி. நேற்றே எண்ணிக் காட்டிவிட்டேன். வகுப்பு எடுப்பவரை அந்தப் பலகையில் 2015-ஐ அழித்து 2009 என்று எழுதச் சொல்லுங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

பீளமேட்டுப் பையன் — ஞாயிறு, காலை 9:15

அழிக்க மாட்டான். கீழே "பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஸ்பேஸ் வந்தால் உடையும்" என்று வேண்டுமானால் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

நொய்யல்கரை — ஞாயிறு, காலை 9:16

தட்டாவிட்டால் உடையாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிச் சந்தை — ஞாயிறு, காலை 9:48

ஏனுங்க, டெக்ஸ்ட்ஏரியாவில் வந்த குறிப்பை எடுத்துவிட்டு பில் அடித்துப் பார்த்தேன். காலி வரி வரவில்லை. ஆனாலும் பேக்டிக் மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை. யாராவது பிரிண்டர் வைத்திருப்பவர்கள் சொல்ல முடியுமா?

நொய்யல்கரை — ஞாயிறு, காலை 9:55

பிரிண்டர் பேச்சைத் தனியாக ஆரம்பித்துக் கேளுங்கள். இங்கே பேசுவது பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் ஸ்பேஸைப் பற்றி.